மீட்டர் பெட்டி முன்னால் ஒரு அப்பா, மேசை மேல் ஒரு போர்டு: ராஸ்ப்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ

ராஸ்ப்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு எவ்வளவு வேகம், எத்தனை டிகிரி சூடாகிறது, அதன் பெரிய அண்ணனான பை 5-க்குப் பக்கத்தில் வைத்தால் எப்படி என்றெல்லாம் அளந்து சொன்னவர்கள் நிறையப் பேர். நான் அதைச் செய்யப்போவதில்லை. ஒரே ஒரு கேள்விக்குத்தான் இந்த விமர்சனம்: ஆபீஸில் பகல் முழுக்க திரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும் ஒருவரை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி சொந்தமாக நாலு வரி கோட் எழுத உட்கார வைக்குமா இந்தப் போர்டு? என்னை உட்கார வைத்தது. இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பாதிக் காரணம் போர்டில் இருக்கிறது. மீதிப் பாதி தினமும் காலையில் எங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்கு முன்னால் போய் நிற்கிறது.

நான் கிண்டியில் ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. அதனாலேயே சொந்தமாக ஒன்றை எழுதி ஓட்ட வேண்டும் என்ற ஆசை எப்போதும் உண்டு. லேப்டாப்பில் 'ப்ராஜெக்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே செலவுக் கணக்கு ஆப், தினம் ஒரு குறளைத் தானாக அனுப்பும் பாட் என்ற நிரல், புத்தக அலமாரிக்கு ஒரு தளம் என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றிலும் லாகின் பக்கம் மட்டும் பிரமாதம். லாகின் செய்து உள்ளே போனால் ஒன்றும் இருக்காது. இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதே மாதிரி ஒரு ஃபோல்டரைக் காட்டுவார்கள் என்பதால் எனக்கு இதில் பெரிய வெட்கம் கிடையாது.

ஊக்கம் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் சரக்குகளுக்கும் குறைவில்லை. நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம், வேலை செய்த நாளுக்கெல்லாம் காட்டும் பச்சைக் கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து எத்தனை நாள் கமிட் செய்தோம், அதாவது மாற்றத்தைப் பதிந்தோம் என்ற கணக்கையும் ஒரு காலத்தில் அது காட்டிக்கொண்டிருந்தது. 2016-இல் அந்தக் கணக்கை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். கட்டம் பச்சையாக வேண்டுமே என்று ரீட்மீ ஃபைலில் ஒரு கமாவைச் சேர்த்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களை எனக்குத் தெரியும். ஓரிரு நாளில் மென்பொருள் கட்டும் ஹேக்கத்தான் போட்டியில் கட்டிய எதையும் அடுத்த திங்கட்கிழமை யாரும் திறப்பதில்லை. மாத வாடகைக்கு ஒரு கிளவுட் சர்வர் எடுத்தால், பில் வரும் நாளில் மட்டும் ப்ராஜெக்ட் ஞாபகத்துக்கு வரும், அதுவும் திட்டிக்கொண்டே.

சரி, போர்டுக்கு வருவோம். 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கோர், 512 எம்பி ராம், வைஃபை, ப்ளூடூத். முதல் ராஸ்ப்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது 2012 பிப்ரவரி 29. கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போவதையும், வருகிறவர்களுக்கும் கம்ப்யூட்டரைக் குடைந்து பார்த்த அனுபவம் இல்லாததையும் கண்ட எபன் அப்டனும் அவருடைய சகாக்களும், பிள்ளைகள் பயமில்லாமல் நோண்டிப் பார்க்க ஒரு மலிவான கம்ப்யூட்டர் வேண்டும் என்று கிளம்பியதில் பிறந்தது. 2015 நவம்பரில் ஜீரோ வந்தபோது விலை 5 டாலர். அவர்களுடைய பத்திரிகையின் அட்டையில் ஒட்டி இலவசமாகவே கொடுத்தார்கள். நான் பேசும் ஜீரோ 2 டபிள்யூ 2021 அக்டோபரில் 15 டாலர் விலையில் வந்தது. நம்மூருக்கு வந்து சேரும்போது அந்த விலையில் நிற்காது. மெமரி கார்டு, சார்ஜர், டப்பா எல்லாம் சேர்த்தால் போர்டின் விலையைப் போல் இரண்டு பங்கு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினேன். கடைக்காரர் போர்டை எடுத்து வைத்துக்கொண்டே, "காலேஜ் ப்ராஜெக்டா மேடம்?" என்றார். இறுதியாண்டுப் பிள்ளைகள்தான் அவருக்கு வாடிக்கை. "இல்லண்ணா, வீட்டுக்கு" என்றேன். வீட்டில் இதை வைத்து என்ன செய்யப்போகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. அன்றைக்கு எனக்கும் பாதிதான் தெரியும்.

எங்கள் வீட்டில் கரண்ட் பில் அப்பாவின் இலாகா. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் நோட்டில் எழுதி வைக்கிற ஆள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக வீதம் ஏறும். இதில் ஒரு கோடு இருக்கிறது. மொத்தம் 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் வீதம் ஏறுவதோடு நிற்காது, கீழ்ப்படியும் மாறிவிடும். 2022 செப்டம்பர் அட்டவணைப்படி 500 யூனிட்டோடு நிறுத்திக்கொண்டால் 1,725 ரூபாய். 510 ஆனால் 2,030. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் வித்தியாசம். 101-இலிருந்து 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாயாக இருந்தது 4.50 ஆகிவிடுவதுதான் பெரிய காரணம். அப்புறம் வீதங்கள் மாறினாலும் 500 என்ற எண் அப்பாவின் மனதில் இருந்து அசையவில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் ஏ.சி. ரிமோட் அவர் கையில்தான் இருக்கும். "இந்தத் தடவ தாண்டிடும் போலிருக்கே" என்று சாப்பிடும்போது ஒரு தரம், செய்தி பார்க்கும்போது ஒரு தரம். தாண்டுமா, தாண்டாதா என்று கேட்டால் பதில் வராது. மீட்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நோட்டில் எழுதுவார், மனக்கணக்காக ஏதோ கூட்டுவார், மறுபடியும் "தாண்டிடும் போலிருக்கே." இதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்குக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஒன்றை எழுதிவிடலாம் என்று தோன்றியதுதான் ஆரம்பம். உத்வேகம் என்ற பெரிய வார்த்தைக்கெல்லாம் அதில் இடமில்லை. எரிச்சல், அவ்வளவுதான்.

எரிச்சலைக் குறைத்து எண்ணாதீர்கள். இந்தப் போர்டில் நான் பயன்படுத்தும் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் பிறந்த கதையே அதுதான். ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். தரவுகள் தனியாக ஓடும் ஒரு டேட்டாபேஸ் சர்வரில் இருந்தன. அந்த சர்வர் படுத்துவிட்டால், 'இணைக்க முடியவில்லை' என்று பிழைச்செய்தி காட்டுவது இவருடைய மென்பொருள். ஆகவே திட்டு இவருக்கு. சர்வரே இல்லாமல் நேராக டிஸ்க்கில் இருக்கும் ஃபைலைப் படித்தால் என்ன என்று யோசித்து எழுதியது 2000-இல் வெளிவந்தது. இன்றைக்கு உங்கள் போனுக்குள் அது இல்லாமல் இருக்காது. கணினி அறிவியல் பேராசிரியர் டொனால்ட் க்னுத் தன் புத்தகத்தின் அச்சுப்படி பார்க்கச் சகிக்காமல் வந்ததால் 1977-இல் சொந்தமாக அச்சுக்கோக்கும் மென்பொருள் எழுத உட்கார்ந்தார். அது ஏறத்தாழ பத்து வருட வேலையாகிவிட்டது. அந்த உதாரணத்தை வீட்டில் சொல்லாமல் இருப்பது நல்லது.

என் முதல் வடிவம் நூறு வரிகூட இருக்காது. டெலிகிராமில் ஒரு பாட். அப்பா மீட்டர் எண்ணை அனுப்பினால், இதுவரை எத்தனை யூனிட், ஒரு நாளைக்குச் சராசரி எவ்வளவு, இதே வேகத்தில் போனால் ரீடிங் எடுக்கும் நாளில் எத்தனை ஆகும், ரூபாய் எவ்வளவு என்று பதில் வரும். "வாட்ஸ்அப்ல வராதா பாப்பா?" என்றுதான் அப்பா முதலில் கேட்டார். அதில் பாட் ஓட்ட வணிகக் கணக்கு, தனி நம்பர் என்று பல வேலை. டெலிகிராமில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. எங்கள் வீட்டு இணைய இணைப்புக்கென்று தனி பொது ஐ.பி., அதாவது வெளியிலிருந்து அழைக்கக்கூடிய முகவரி, கிடையாது, வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. இந்த பாட்டோ தானே வெளியே போய் 'ஏதாவது வந்திருக்கா' என்று கேட்டுக்கொண்டிருக்கும். ரவுட்டரில் கை வைக்க வேண்டியதே இல்லை.

மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்குமே, அதை எண்ணினாலும் யூனிட் தெரியும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரிலேயே அச்சடித்திருப்பார்கள். ஒளியை உணரும் சென்சார் ஒன்றை அதன் மேல் ஒட்டிவிட்டால் அப்பாவின் நடை மிச்சம் என்று நினைத்தேன். எங்கள் எலக்ட்ரீஷியன், "மீட்டர் மேல எதையும் ஒட்டாதீங்கம்மா, வீண் வம்பு" என்று சொல்லிவிட்டார். ஆக, அப்பாதான் சென்சார். இந்த ப்ராஜெக்ட் பிழைத்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். தானாக ஓடியிருந்தால் ஒரு வாரம் எல்லாரும் பார்த்து வியந்துவிட்டு மறந்திருப்போம். தினமும் ஒரு மனிதர் அதனோடு பேசுகிறார், அது தப்பாகப் பேசினால் என்னிடம் வந்து கேட்கிறார் என்பதால்தான் நான் அதைத் திரும்பத் திரும்பத் திறக்கிறேன்.

ஆபீஸில் பிழை அறிக்கைகள் தீவிரம், முன்னுரிமை, ஸ்க்ரீன்ஷாட் சகிதம் வரும். வீட்டில் காலை ஆறு மணிக்குக் காபி டம்ளரோடு வரும். "உன் மெஷின் தப்பா சொல்லுதே." முதல் பெரிய பிழை இப்படி வந்ததுதான். மீட்டரின் திரை ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை. யூனிட், வோல்டேஜ், தேதி, நேரம் என்று மாறி மாறி ஓடும். அப்பா அவசரத்தில் வோல்டேஜைப் பார்த்து 238 என்று அனுப்பிவிட்டார். பாட் அசராமல் மைனஸில் பல ஆயிரம் யூனிட் என்று பதில் சொன்னது. அப்பா என்னிடம் கேட்ட கேள்வி: "அப்ப மீட்டர் பின்னாடி ஓடுதா?" அன்றைக்கு ராத்திரியே நேற்றைய எண்ணைவிடக் குறைவாக இருந்தால் ஏற்காதே, ஒரே நாளில் நம்ப முடியாத அளவு கூடியிருந்தால் 'சரிதானா' என்று கேள் என்று இரண்டு நிபந்தனைகள் எழுதினேன். ஆபீஸில் இதே மாதிரிச் சோதனையை எழுத எனக்குக் கொட்டாவி வரும்.

அப்புறம் கோரிக்கைகள் ஆரம்பித்தன. நேற்று மட்டும் எவ்வளவு? போன வருஷம் இதே மாதம் எவ்வளவு? போன வருஷத்துக் கணக்கு என்னிடம் ஏது என்றேன். பீரோவில் இருந்து நோட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து வைத்தார். வருடக்கணக்கான ரீடிங், நீல மையில், தேதியோடு. நான் ராத்திரிகளில் உட்கார்ந்து அத்தனையையும் தட்டினேன். கோட் எழுதியதைவிட எனக்குப் பிடித்த வேலை அது. வரைபடமாகப் போட்டபோது அக்கா பிரசவத்துக்கு வந்திருந்த மாதங்கள் மேடாகத் தெரிந்தன. பழைய ஃப்ரிட்ஜை மாற்றிய பிறகு கோடு இறங்கியது. "நான் அப்பவே சொன்னேன், அந்த ஃப்ரிட்ஜ்தான் இழுக்குதுன்னு" என்றார் அம்மா. அதுவரை இந்தப் போர்டு பற்றி அம்மாவுக்கு ஒரு கருத்தும் கிடையாது.

அம்மாவுக்கு வேண்டியது வேறு. நாங்கள் சைதாப்பேட்டைக்காரர்கள், அடையாறு பக்கம். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் அம்மா காலையில் பேப்பரில் முதலில் பார்ப்பது ஏரி நிலவரத்தைத்தான். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "உன் மெஷின் ஏரியச் சொல்லுமா?" என்று ஒரு நாள் கேட்டார். சென்னைக் குடிநீர் வாரியம் தினமும் ஏரிகளின் நீர்மட்டத்தை இணையத்தில் போடுகிறது. காலையில் ஒரே ஒரு முறை போய் அதை எடுத்து வந்தால் போதும். நிமிடத்துக்கு ஒரு தரம் போய்த் தொந்தரவு செய்வது மரியாதை இல்லை, தேவையும் இல்லை.

அம்மா போனை அதிகம் தொடுவதில்லை என்பதால் இதற்கு ஒரு திரை வேண்டியிருந்தது. 2.13 அங்குல இ-பேப்பர் திரை ஒன்று, சரியாக இந்தப் போர்டின் மேலேயே உட்காரும் அளவில் கிடைக்கிறது. 250-க்கு 122 புள்ளிகள், கறுப்பு வெள்ளை. கரண்டைப் பிடுங்கினாலும் கடைசியாகக் காட்டியது அப்படியே நிற்கும். படம் மாறும்போது திரை முழுக்க இரண்டு மூன்று தரம் கறுப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டும். முதலில் பார்ப்பவர்கள் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள். விலை போர்டின் விலைக்குப் பக்கத்தில் வரும். அதை ஃப்ரிட்ஜின் மேல் வைத்திருக்கிறோம். வீட்டில் எல்லாரும் போகவர அதைப் பார்க்கிறார்கள். ப்ராஜெக்டைக் கண் படும் இடத்தில் வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது. லேப்டாப்பில் இருப்பது மூடினால் மறைந்துவிடும். இதுவோ, ஏழு மணிக்கு மேலும் நேற்றைய ஏரி மட்டத்தையே காட்டிக்கொண்டு நின்றால் அம்மா சும்மா விடமாட்டார்.

இங்கே தமிழ் எழுத்து ஒரு வாரம் என்னைச் சுற்றவிட்டது. பைத்தான் மொழியில் படம் வரைய எல்லாரும் பயன்படுத்தும் பில்லோ என்ற நிரல் நூலகத்தில் 'செம்பரம்பாக்கம்' என்று எழுதச் சொன்னால், 'ச' முதலில் வந்து, ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் மெய்யெழுத்துக்கு அப்புறம்தான் கொம்பு சேமிக்கப்படுகிறது. காட்டும்போது அதை முன்னால் தள்ளி வைப்பது எழுத்துகளைச் சரியான வரிசையில் கோத்துக் கொடுக்கும் இன்னொரு மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்வது லிப்ராக்ம் என்ற நூலகம். அது இல்லையென்றால் பில்லோ தனக்குத் தெரிந்த வரிசையில் எழுத்துகளை நட்டுவிட்டுப் போய்விடும், பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. லிப்ராக்மை நிறுவியதும் கொம்பு ஒழுங்காக முன்னால் வந்து உட்கார்ந்தது. தமிழில் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலிலேயே 'கொ', 'சௌ', 'க்ஷ்' மூன்றையும் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் காட்டி ஆங்கிலத்தில் முடித்திருக்கலாம்தான். ஆனால் பூண்டி, சோழவரம், புழல் என்று தமிழில் பளிச்சென்று வந்த அன்றைக்கு அம்மா கண்ணாடி போடாமலே படித்தார்.

இனி போர்டின் குறைகள், அவற்றில் குறையே அல்லாத ஒன்று முதலில். 512 எம்பி ராம் என்பது இன்றைய நிலவரத்தில் ஒன்றுமே இல்லை. டாக்கர், பெரிய டேட்டாபேஸ், ரியாக்ட் என்று ஆபீஸில் கேள்விப்படும் கனமான மென்பொருள் எதையும் இதில் ஏற்ற மனசு வராது. லேப்டாப்பில் உள்ள வி.எஸ். கோட் என்ற எடிட்டரை வைஃபை வழியாக இதோடு இணைத்து எழுதலாம் என்று பார்த்தால் போர்டு மூச்சுத் திணறும். ஆகவே தூரத்திலிருந்தே கட்டளை தட்ட உதவும் எஸ்.எஸ்.ஹெச். வழியாக உள்ளே போய், நேனோ என்ற எளிய எடிட்டரில் எழுதுகிறேன். ஒரு பைத்தான் ஃபைல், ஒரு எஸ்கியூலைட் ஃபைல், குறித்த நேரத்தில் நிரலை ஓட்டிவிடும் கிரானில் இரண்டு வரி. என் பழைய ஃபோல்டர்கள் எல்லாம் எதில் செத்தன என்று பார்த்தால், எந்த ஃப்ரேம்வொர்க், எந்த டேட்டாபேஸ், எங்கே ஹோஸ்ட் செய்வது என்ற ஆராய்ச்சியில்தான் செத்திருக்கின்றன. இதில் அந்த ஆராய்ச்சிக்கே இடமில்லை. ராமைக் கூட்டி ஒரு புதிய ஜீரோ வந்தால் நான் வாங்குவேனா என்று தெரியவில்லை.

உண்மையான குறைகள் வேறு. மைக்ரோ யூ.எஸ்.பி. துளைகள் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று மற்றதற்கு. இருட்டில் சொருகினால் கண்டிப்பாக மாறும். மினி ஹெச்.டி.எம்.ஐ. என்பதால் டி.வி.யில் இணைக்கத் தனி கனெக்டர் வேண்டும். ஆனால் கார்டில் ஓ.எஸ். ஏற்றும் இமேஜர் மென்பொருளிலேயே வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டால் திரை இல்லாமலே வேலை முடிந்துவிடும். முதல் தடவை பூட் ஆகச் சில நிமிடங்கள் எடுக்கும், பதற வேண்டாம். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். உங்கள் ரவுட்டர் 5-இல் மட்டும் ஓடினால் போர்டுக்கு அது கண்ணுக்கே தெரியாது.

இதற்குள் கடிகாரம் கிடையாது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கரண்ட் போய் வந்தால், இணையம் கிடைக்கும் வரை போர்டு பழைய நேரத்திலேயே இருக்கும். எங்கள் தெருவில் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்திய ஒரு நாளில் அப்பாவின் ரீடிங் முந்தைய தேதியில் பதிவாகி, அடுத்த நாள் கணக்கு கன்னாபின்னாவென்று வந்தது. இப்போது போர்டின் நேரத்தை நம்புவதே இல்லை. டெலிகிராம் செய்தியோடு வரும் நேரத்தையே எடுத்துக்கொள்கிறேன். போர்டையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றிவிட்டோம்.

மெமரி கார்டு ஒன்று செத்தது. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய கார்டு. திடீரென்று மின்சாரம் போவதும், நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லாக்கை ஓயாமல் எழுதுவதும் இந்தக் கார்டுகளுக்கு ஆகாது. லாக்கையெல்லாம் ராமிலேயே எழுதும்படி மாற்றிவிட்டேன். எஸ்கியூலைட் டேட்டாபேஸ் என்பது ஒரே ஒரு ஃபைல் என்பதால், தினமும் ராத்திரி அதன் ஒரு நகலை பாட்டே எனக்கு டெலிகிராமில் அனுப்பிவிடுகிறது. இதைவிடச் சோம்பேறித்தனமான பேக்கப் இருக்க முடியாது. கார்டு செத்தபோது அப்பாவின் நோட்டுக் கணக்கு முழுக்கத் தப்பித்தது இதனால்தான்.

கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று அப்பா முதல் நாளே கேட்டார். சும்மா இருக்கும்போது ஒரு வாட்டுக்கும் குறைவு. இரண்டு மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஒன்றரை யூனிட்டுக்குள். 498-இல் நிற்கும் ஒரு கோடைகாலத்தில் அந்த ஒன்றரையும் விவாதத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் இதற்கு இத்தனை பாடு எதற்கு, ஏ.ஐ.யிடம் சொன்னால் ஒரு மாலையில் எழுதித் தருமே என்று ஆபீஸில் கேட்கிறார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். கட்டணக் கணக்கை நொடியில் எழுதித் தந்தது. பார்க்க அழகாக, எல்லாப் படிகளையும் வரிசையாகக் கூட்டியிருந்தது. 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படி மாறும் என்பதை மட்டும் விட்டுவிட்டது. அப்பா நோட்டிலுள்ள பில் தொகையோடு ஒப்பிட்டுப் பிடித்துவிட்டார். நான் அதைப் பயன்படுத்துவதில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன். திரையின் டிரைவரை ஓட்ட அது பெரிய உதவி. ஆனால் மொத்தத்தையும் ஒரே மாலையில் அது முடித்துக் கொடுத்திருந்தால் அந்த மாலையோடு என் ஆர்வமும் முடிந்திருக்கும். அப்பாவின் 238 எனக்குக் கிடைத்திருக்காது.

இதற்குப் பதிலாக வேறு என்ன வாங்கலாம்? பழைய லேப்டாப் சும்மா கிடந்தால் அதிலேயே இவ்வளவும் ஓடும், செலவே இல்லை. ஆனால் அது மின்விசிறிச் சத்தத்தோடு கூடத்தில் கிடக்கும், ஒரு நாள் யாராவது மூடி பரண் மேல் வைத்துவிடுவார்கள். பழைய ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற லினக்ஸ் ஆப்பைப் போட்டு ஓட்டுபவர்களும் உண்டு. பேட்டரி உப்பிக்கொள்ளும் பயம் எனக்கு. இ.எஸ்.பி.32 என்ற சின்ன சிப் போர்டு இன்னும் மலிவு. சென்சாரைப் படித்து அனுப்ப அது போதும், ஆனால் எஸ்கியூலைட்டும் தமிழ் எழுத்துருவும் வேண்டும் என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். பை 5 அருமையான இயந்திரம்தான். அதை வாங்கினால் முதல் மாதம் முழுக்க அதில் என்னென்ன ஏற்றலாம் என்பதிலேயே போய்விடும் என்பது என் கணிப்பு.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிய தொழில்நுட்பம் கற்று வேலை மாற வேண்டும் என்பவர்களுக்கு இது உதவாது. நேர்முகத் தேர்வில் கரண்ட் மீட்டர் பாட் எழுதினேன் என்றால் யாரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரப்போவதில்லை. வீட்டில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை, எல்லாரும் அவரவர் போனில் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றால் கொஞ்ச நாள் பொறுங்கள். புலம்பும் ஆள் ஒருவர் கிடைத்த பிறகு வாங்குங்கள். அதுவரை போர்டு டப்பாவில்தான் இருக்கும்.

வாங்குவது என்று முடிவானால், பின்கள் ஏற்கெனவே பற்றவைத்து வரும் டபிள்யூஹெச் வடிவமாகக் கேளுங்கள். சால்டரிங் தெரியாதவர்களுக்கு அந்தக் கூடுதல் காசு தகும், திரையை அப்படியே மேலே சொருகிவிடலாம். சார்ஜர் 5 வோல்ட், 2.5 ஆம்பியர். போன் சார்ஜர் எதையாவது சொருகிவிட்டு அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது என்று போர்டைத் திட்டாதீர்கள். கார்டு 32 ஜிபி தாராளம், ஆனால் பில் போட்டுத் தரும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். ஓ.எஸ்.ஸில் டெஸ்க்டாப் இல்லாத லைட் வகை, 32 பிட் போதும். எங்கள் வீட்டில் அடுத்த கோரிக்கை வந்தாயிற்று: மோட்டார் போட்ட நேரத்தையும் இது குறித்து வைக்க வேண்டுமாம், தொட்டி வழிந்து தண்ணீர் வீணாவது யாரால் என்று அம்மா நிரூபிக்க வேண்டியிருக்கிறது.